சுவரில் எழுதிய சம்பளம்

என் வீட்டுக்கு எதிரே ஒரு நீளச் சுவர். அதில் சிவப்பு வண்ணத்தில், ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழ உயரத்தில், "எங்கள் உறுப்பினர் வாங்கப்போவது ஒரு தொழிலாளியின் சம்பளம்: 9,400. வேறு ஒரு காசும் தொடமாட்டார்" என்று எழுதியிருக்கிறது. எழுதி மூன்றரை வருடமாகிறது. மழைக்கும் மசியவில்லை, வெயிலுக்கும் மசியவில்லை. நல்ல வண்ணமாகக் கொடு என்று கடைக்காரனிடம் மல்லுக்கட்டி வாங்கி வந்தவன் நான்தான். காலையில் பல் தேய்க்க வாசலுக்கு வந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். இப்போதெல்லாம் நான் உள்ளேயே தேய்த்துக்கொள்கிறேன்.

நான் பேருந்துப் பணிமனையில் பிரேக் பிரிவில் ஃபிட்டர். பதினொரு வருடமாகத் தொழிற்சங்கச் செயலாளரும்கூட. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மைக் கிடைத்தால் விடமாட்டேன் என்று என் மனைவியே சொல்லுவாள். என் தங்கையும் அதே பணிமனைதான். பேருந்து இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை தைக்கிற பிரிவு. அவளை எல்லோரும் 'ஊசி' என்பார்கள். தைப்பதற்காக வைத்த பெயரா, அவள் பேச்சுக்காக வைத்த பெயரா என்று கேட்டால், இரண்டுக்கும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். வயதில் சின்னவர்கள் 'ஊசியக்கா' என்பார்கள்.

நகரசபைத் தேர்தலில் சங்கத்தின் சார்பில் ஒருவரை நிறுத்துவது என்று முடிவானபோது முந்நூறு பேரும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள். நிபந்தனையை நான் போட்டேன். நம் ஆள் ஜெயித்தால் சபை கொடுக்கும் சம்பளம், படி, பயணச் செலவு எல்லாம் சங்கத்தின் போராட்ட நிதிக்கு வரவேண்டும். அதிலிருந்து ஒரு தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் அவளுக்குக் கொடுப்போம். வேறு வேலை பார்த்து ஒரு காசும் வாங்கக் கூடாது. மீறினால் கூட்டம் போட்டுத் திருப்பி அழைப்போம். அதற்காகத் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்றை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டேன். என் தங்கை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அது என் மேசை இழுப்பறையில், பிரேக் லைனிங் அளக்கும் கருவிக்குப் பக்கத்தில், மூன்று வருடம் கிடந்தது.

எங்கள் சம்பளச் சீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேல் வரியில் அடிப்படைச் சம்பளம், அடுத்த வரியில் ஓவர்டைம், அதற்கும் கீழே மொத்தம். அப்போது அடிப்படை ஒன்பதாயிரத்து நானூறு. மொத்தம் பதினேழாயிரத்தைத் தொடும். தினமும் மூன்று மணி நேரம், மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று எல்லோரும் ஓவர்டைம் பார்ப்போம். அது இல்லாமல் எங்கள் பணிமனையில் ஒருவன் குடித்தனம் நடத்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் ஓவர்டைமை வாயில் எடுக்க மாட்டோம். ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் நிர்வாகம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். "உங்க ஆளுங்கதான் பதினேழாயிரம் கொண்டு போறாங்களே, இன்னும் என்ன?" என்று மேனேஜர் கேட்பார். "அது சம்பளம் இல்ல சார், நாங்க வித்த தூக்கம்" என்பேன் நான். அதனால் சம்பளம் எவ்வளவு என்று யார் கேட்டாலும் எங்கள் வாயில் அடிப்படைதான் வரும். கைமாற்றுக் கேட்டு வரும் மைத்துனனிடமும் அதைத்தான் சொல்லுவோம், அவன் நம்பமாட்டான் என்று தெரிந்தே.

தேர்தல் பிரச்சாரத்தில், சந்தை முனையில், நான் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து ஒருவர், பழக்கடைக்காரர் என்று நினைக்கிறேன், கையைத் தூக்கினார்.

"தொழிலாளி சம்பளம், தொழிலாளி சம்பளம்ங்கறீங்களே, எவ்வளவுன்னு சொல்லுங்க. நாளைக்கு வாய்க்கு வந்ததச் சொல்லக் கூடாது பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து உயர்த்திப் பிடித்தேன். பிடித்தபோதே என் கட்டைவிரல் கீழே இருந்த இரண்டு வரிகள்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நான் யோசித்துச் செய்யவில்லை. வருடக்கணக்காக மேனேஜர் முன்னால் அப்படித்தான் பிடித்துப் பழக்கம். "ஒன்பதாயிரத்து நானூறு" என்று மைக்கில் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. என் தங்கை எனக்கு இடப்பக்கம் நின்றாள். சீட்டையும் பார்த்தாள், விரலையும் பார்த்தாள். மறுநாள் அந்த எண் நாற்பது சுவர்களில் ஏறிவிட்டது.

அவள் ஜெயித்தாள். பணிமனையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் முதல் தேதி, டயர் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சங்க அறையில், முதல் கவரை அவளிடம் நீட்டினேன். எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடித்து, இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கவருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாண்ணா?"

"சுவத்துல அதானேம்மா எழுதியிருக்கு."

அவள் என் சட்டைப் பையை ஒரு கணம் பார்த்தாள். அப்புறம் "சரி" என்று கவரை மடித்துக்கொண்டாள். அன்றைக்கே நான் சொல்லியிருக்கலாம். தப்பாகிவிட்டதம்மா, அடுத்த கூட்டத்தில் சரிசெய்வோம் என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக நான், "டீ குடிக்க வர்றியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. சபைக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டாள்.

பணிமனை வாசலில் ஒரு டீக்கடை. அங்கே ஆறு பேர் உட்காரும் மேசை ஒன்று எங்களுக்கென்றே கிடக்கும். யாரும் அவரவர் டீக்கு அவரவர் கொடுப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒருவர் முறை. அவர் ஆறு பேருக்கும் வாங்கவேண்டும். உறுப்பினர் ஆன பிறகும் என் தங்கை முதல் இரண்டு வாரம் வந்தாள். தன் முறைக்கு வாங்கியும் கொடுத்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து வரவில்லை. சபை முடிந்து எங்கள் பேருந்திலேயே நின்றுகொண்டு வருவாள், வாசலில் இறங்குவாள், மேசையைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"பதவி வந்ததும் நம்ம டீ தொண்டையில இறங்கல போல" என்றான் பம்பு. டீசல் பம்பு மெக்கானிக் அவன். மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிடுவான், உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு டீ வாங்கக் கையில் காசில்லாமல்தான் அவள் ஒதுங்குகிறாள் என்று அந்த மேசையில் தெரிந்த ஒரே ஆள் நான்.

சபையில் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சாக்கடை அடைப்பு எடுக்க ஆளைக் குழிக்குள் இறக்கக் கூடாது என்று மூன்று கூட்டத்தில் சண்டை போட்டு இயந்திரம் வாங்கவைத்தாள். சபைத் தலைவர் அவளைக் கண்டாலே கடிகாரத்தைப் பார்ப்பாராம். அவளால் எங்கள் நிதியும் பெருகியது. வேலைநிறுத்தம் செய்த ஒன்பது நாளும் முந்நூறு வீட்டில் அடுப்பெரிந்தது அந்த நிதியால்தான். என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் வந்து ஆபரேஷன் என்றபோது, "அண்ணிக்கு நிதியிலேர்ந்து எடுண்ணா, யோசிக்காத" என்று சொன்னவளும் அவள்தான். எடுத்தேன். என் மனைவி வயிற்றிலிருந்த கல் என் தங்கை சம்பளத்தில்தான் வெளியே வந்தது. அதைப் பற்றி நானும் என் மனைவியும் பேசிக்கொண்டதில்லை.

இரண்டாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் மகள், "மாமா" என்றாள். உடனே திரும்பி உள்ளே பார்த்தாள். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். நான் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலை, ஞாயிறும் போயிருந்தார். அவர் சம்பளம் வாடகைக்கே சரியாக இருக்கும். அறை முழுக்கப் புது ரெக்ஸின் வாடை. முப்பது வருடம் பேருந்துக்குள் கிடந்தவனுக்கு அந்த வாடை தெரியாதா? கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. என் தங்கையின் தோளில் கறுப்பு நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"சாப்பிடறியாண்ணா?" என்று கேட்டாள். கேட்ட குரலே, வேண்டாம் என்று சொல்லிவிடு என்றது.

"இப்பத்தாம்மா சாப்பிட்டேன்" என்றேன். பச்சைப் பொய். எழுந்து போகும்போது அவள் தோளிலிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் செருப்பைப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. அடுத்த முதல் தேதியும் அதே கவரைத்தான் நீட்டினேன்.

மாட்டிக்கொண்டது மூன்றாவது வருட முடிவில். பம்பு அவன் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாடகைக் கார் எடுத்திருக்கிறான். உட்கார்ந்தவன் இருக்கை மூலையைத் தடவிப் பார்த்திருக்கிறான். என் தங்கை மூலை திருப்பும்போது மூன்று தையல் பின்னால் போய், அப்புறம் முன்னால் வருவாள். அப்படித் தைத்த மூலை பிரியவே பிரியாது. எங்கள் பணிமனையில் வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. ஓட்டுநரைக் கேட்டிருக்கிறான். "ஒரு அக்கா வீட்லயே தைச்சுத் தர்றாங்க சார், கடையவிட சல்லிசு" என்று அவர் விலாசத்தையே கொடுத்துவிட்டார்.

பம்பு நேராக என்னிடம் வந்தான். கோபமில்லை அவன் முகத்தில், அழுதுவிடுவான் போல இருந்தது.

"நாமதானே அண்ணே ஊர் முழுக்க எழுதினோம். வேற ஒரு காசும் தொடமாட்டாருன்னு. இது வெளிய தெரிஞ்சா நம்ம மூஞ்சியில காறித் துப்புவாங்க. உங்க தங்கச்சிங்கறதுக்காக மூடி மறைக்காதீங்க."

"கூட்டம் போடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அவள் வீட்டுக்குப் போனேன். இந்த முறை தையல் மெஷின் நடுக்கூடத்திலேயே இருந்தது, மறைக்கவில்லை. அவள் மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

"நாளைக்கு நான் சொல்லிடறேன்" என்றேன்.

"என்னன்னு?"

"அந்த நம்பரு தப்புன்னு. அதுல யாராலும் குடும்பம் நடத்த முடியாதுன்னு. நான் விரல வச்சு மறைச்சேன்னு."

அவள் மெஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே கேட்டாள்: "சம்பளப் பேச்சுவார்த்தை என்னைக்கு?"

"இருபதாம் தேதி."

"இன்னைக்கு ஆறு. நாளைக்குக் கூட்டத்துல மேனேஜரோட ஆளு ஒருத்தன் கட்டாயம் உக்காந்திருப்பான். ஒன்பதாயிரத்துல வாழ முடியாது, நாங்க எல்லாரும் பதினேழாயிரம் வாங்கித்தான் வாழறோம்னு நீ மைக்ல சொன்னா, அவன் எதை எழுதிக்கிட்டுப் போவான்? வாழ முடியாதுங்கறதையா? பதினேழாயிரம் வாங்கறாங்கங்கறதையா?"

நான் மெஷின்மேல் கிடந்த நூல்கண்டை எடுத்து உருட்டினேன்.

"முந்நூறு பேரு வயித்துல அடிக்காதண்ணா. நான் திரும்பி மெஷினுக்கு வந்துடறேன். எனக்கென்ன, வேலை இருக்கு."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. நாளைக்கு அந்த முந்நூறு பேர் முன்னால் என் விரலைப் பற்றிப் பேசவேண்டியதில்லை என்கிற நிம்மதி. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்" என்றாள். "நான் பேராசைக்காரி இல்லன்னு சொல்லு. அது போதும். காரணம் எல்லாம் வேண்டாம். நீ சொன்னா நம்புவாங்க."

"சொல்றேம்மா" என்றேன். அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வேறு செய்தேன்.

கூட்டம் உணவுக் கூடத்தில் நடந்தது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரும் தரையிலும் மேசைகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்ததால் கூட்டத்தை நடத்தியது நான். கதவோரம் ஸ்டோர் குமாஸ்தா ஒரு நோட்டுடன் உட்கார்ந்திருந்தான். என் தங்கை சொன்னது போலவே.

பம்பு கார் இருக்கை உறை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, இது நீங்க தைச்சதா?"

"ஆமா."

"காசு வாங்கினீங்களா?"

"வாங்கினேன். ரெண்டு வருஷமா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பம்பு இன்னும் பேசுவான் என்று பார்த்தால், அவன் குரல் உடைந்துவிட்டது. "ஏங்க்கா, வர்றது பத்தாதா? எதுக்குக்கா இது?"

என்னைப் பார்த்தாள். இப்போது சொல் என்று அர்த்தம். அவ்வளவு பேர் முன்னால் அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அதில் ஓவர்டைம் இல்லை, சீட்டு இல்லை, விரல் இல்லை. மேனேஜர் ஆள் நோட்டில் எழுத அதில் எதுவுமே இல்லை.

நான் எழுந்தேன். "தோழர்களே" என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது, யாருடையது என்று இன்றுவரை தெரியாது: "தங்கச்சிக்குப் பரிஞ்சு பேசப்போறாரு பாரு."

நாலைந்து பேர் சிரித்தார்கள். பேராசைக்காரி இல்லை என்று நான் சொன்னால், பிறகு ஏன் தைத்தாள் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். மைக்கை என்னிடமிருந்து பிடுங்கத்தான் ஆள் வேண்டும் என்பார்கள். அன்றைக்கு அதை நானே கீழே வைத்தேன்.

"கூட்டம் நடத்துறவன் கருத்துச் சொல்லக் கூடாது. அதான் விதி" என்றேன். "வாக்கெடுப்புக்குப் போகலாம்."

அப்படி ஒரு விதி எங்கள் சங்கத்தில் கிடையாது. அதுவரை எந்தக் கூட்டத்திலும் நான் கருத்துச் சொல்லாமல் இருந்ததும் கிடையாது. என் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

கைகளை நான்தான் எண்ணினேன். வரிசை வரிசையாக. தயங்கித் தயங்கித் தூக்கினார்கள், பாதி வரை தூக்கி அக்கம்பக்கம் பார்த்தார்கள். ஆனாலும் தூக்கினார்கள். திருப்பி அழைப்பது என்று முடிவானது. இழுப்பறையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க, என் பேனாவால் தேதி போட்டேன். பேனா முதலில் எழுதவில்லை. உதறி எழுதினேன்.

இருபதாம் தேதி பேச்சுவார்த்தை. மேனேஜர் ஓவர்டைமை எடுத்தார், வழக்கம்போல நான் தூக்கத்தைப் பற்றிச் சொன்னேன். வேறு எதுவும் அவர் கையில் சிக்கவில்லை. அடிப்படை பதினோராயிரத்து இருநூறு ஆனது. எங்கள் பணிமனை வரலாற்றிலேயே பெரிய உயர்வு. என்னைத் தோளில் தூக்காத குறை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "உங்க தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

என் தங்கை பழைய மெஷினுக்கே திரும்பி வந்தாள். தினமும் மூன்று மணி நேரம், மாதம் இரண்டு ஞாயிறு. முதல் சம்பளம் கைக்கு வந்த அன்றே டீக்கடை மேசைக்கு வந்து ஆறு பேருக்கும் டீ சொன்னாள், கூடவே பன்னும்.

"பாத்தியா, பதவி போனதும் ஊசியக்கா மறுபடியும் நம்ம ஆளாயிட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் பன்னைப் பிய்த்துப் பிய்த்து மேசையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் நடந்து நான்கு மாதம் ஆகிறது. காலி இடத்துக்கு மறுபடியும் தேர்தல் வந்தது. சங்கம் பம்புவை நிறுத்துவதென்று முடிவு செய்தது. அவனைத் தவிர யாரைச் சொல்ல முடியும்? அவ்வளவு நேர்மையானவன்.

நேற்று மத்தியானம் மேசையில் ஆறு பேரும் இருந்தோம். டீ வந்துவிட்டது. பம்பு ஒரு துண்டுத் தாளை எடுத்தான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை சுவத்துல எழுத ஆள் சொல்லியாச்சு. உங்க வீட்டு எதிர்லேர்ந்துதான் ஆரம்பிக்கறாங்க. பழையத அடிச்சிட்டு 11,200ன்னு எழுதச் சொல்லிடவா?"

"ம்" என்றேன்.

"அது ஊருக்குச் சொல்றது, சரி. மேல வர்றது எவ்வளவு இருக்கும்?" என்றான் சாதாரணமாக.

"மேல வர்றதுன்னா?"

"அதாண்ணே, நம்ம ஓவர்டைம் மாதிரி. சபைப் படி, பயணக் காசு நிதிக்கு வந்தாலும், அதுலேர்ந்து ஓவர்டைம் அளவுக்கு அக்கா கைக்கு வந்திருக்கும்தானே? சொல்றது ஒண்ணு, வாங்கறது ஒண்ணு. நமக்கெல்லாம் அப்படித்தானே. வீட்ல கணக்குக் கேக்கறா, அதான்." அவன் என் தங்கை பக்கம் திரும்பினான். "மாசம் எவ்வளவுக்கா வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குக் கூட்டத்தில் வர்றது பத்தாதா என்று அவன் அழுதது எந்தத் தொகையை நினைத்து என்று. கையைத் தூக்கிய அத்தனை பேரும் எந்தத் தொகையை நினைத்துத் தூக்கினார்கள் என்று. ஒன்பதாயிரத்து நானூறை வைத்து அவளை எவனும் பேராசைக்காரி என்று சொல்லியிருக்க மாட்டான். மாதாமாதம் சம்பளச் சீட்டைப் பார்க்கிறவனுக்கு அதில் என்ன வாங்க முடியும் என்று தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் வாக்கெடுப்புக்குப் போகலாம் என்றேன்.

என் தங்கை டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "அண்ணனக் கேளு" என்றாள்.

மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்தேன். எடுத்ததும் விரல் பழைய இடத்துக்கே போனது. கஷ்டப்பட்டு நகர்த்தி, சீட்டை மேசையில் வைத்தேன். மூன்று வரியும் தெரிந்தது.

"மேல் வரி மட்டுந்தான்" என்றேன். "படி, பயணக் காசு, எல்லாம் நிதிக்குப் போச்சு. மூணு வருஷமும் அவ வாங்கினது ஒன்பதாயிரத்து நானூறு. அன்னைக்கு மேடையில மத்த ரெண்டு வரிய நான் விரலால மறைச்சுப் பிடிச்சேன். அப்புறம் அத யாருகிட்டயும் சொல்லல."

பம்பு முகத்தில் ஈயாடவில்லை. சீட்டைப் பார்த்தான், என் தங்கையைப் பார்த்தான், மறுபடியும் சீட்டைப் பார்த்தான்.

"அக்கா" என்றான். தலையில் கைவைத்துக்கொண்டான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். "நீங்க ஏண்ணே கூட்டத்துல சொல்லல?"

பேச்சுவார்த்தையைச் சொல்லியிருக்கலாம். குமாஸ்தாவின் நோட்டைச் சொல்லியிருக்கலாம். அவளே வேண்டாம் என்றாள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்தான். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அவ பேராசைக்காரி இல்ல" என்றேன்.

என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. என் தங்கை மீதி டீயைக் குடித்து முடித்தாள்.

"இப்ப எதுக்குண்ணா அது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போலத்தான் கேட்டாள். பிறகு பம்புவின் கையிலிருந்த துண்டுத் தாளை வாங்கி, 11,200 என்பதை அடித்துவிட்டு, என் சீட்டின் கடைசி வரியைப் பார்த்துப் பார்த்து அந்தத் தொகையை எழுதினாள். "இத எழுதச் சொல்லு. ஊர்ல கேட்டா பாத்துக்கலாம். மேனேஜர் கேட்டா அண்ணன் பதில் சொல்லட்டும்."

நான் தலையாட்டினேன். அவள் எழுந்து கல்லாவுக்குப் போய் ஆறு டீக்கும் காசு கொடுத்துவிட்டுத் தையல் பிரிவைப் பார்க்க நடந்தாள்.

நேற்று அவள் முறை இல்லை. என்னுடைய முறை.